அரங்கம் மூடியிருக்கும் நாட்களில் வீட்டிலேயே ஜாஸ் கேட்பது எப்படி?

ஜாஸ் அரங்குக்குள் சென்று அமர்ந்தவரை இருட்டும், நெருக்கமும், கண்ணெதிரே வாசிக்கும் கலைஞர்களும் சேர்ந்து வேறு எதிலும் மனம் போகாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. அதே இசை சமையலுக்கும் மின்னஞ்சலுக்கும் பின்னணியாக ஓடி, 'எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறதே' என்ற எண்ணத்தை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போகிறது. அரங்கம் மூடியிருக்கும்போது ஒலியைவிட அந்தக் கவனத்தைத்தான் நாம் அதிகம் இழக்கிறோம் என்பது என் கருத்து. அதை மீட்க நான் கண்ட எளிய வழி, தாளத்தை எண்ணிக்கொண்டே கேட்பதுதான்.

படி 1: இடத்தைத் தயார் செய்யுங்கள்

கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் கேட்க வேண்டாம். டபுள் பேஸ் என்ற, ஆளுயரத் தந்திக் கருவியின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்தச் சிறிய ஸ்பீக்கரால் அதை எழுப்ப இயலாது. பேஸ் காதில் விழாவிட்டால் அடுத்துச் சொல்லப்போகும் எண்ணிக்கைக்குப் பிடிமானமே இருக்காது. சுமாரான ஹெட்ஃபோன் ஒன்று இருந்தாலே போதும். இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தால், அவற்றுக்கு நடுவே உள்ள தூரமும் உங்களிடமிருந்து ஒவ்வொன்றும் இருக்கும் தூரமும் சமமாக இருக்கும்படி அமருங்கள். அடுத்த பாடல் தானாக ஓடும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

படி 2: ஒரே ஒரு பாடலை எண்ணுங்கள்

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில் முதலாவதாக வரும் 'சோ வாட்' இதற்குப் பொருத்தமானது. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவான இந்தப் பாடல் ஒன்பது நிமிடங்களுக்குச் சற்று மேல் நீள்கிறது. தாளக்கட்டு இல்லாமல் மிதப்பதுபோல் வரும் அரை நிமிடத் தொடக்கம் முடிந்ததும் பேஸ் ஒரு மெட்டை வாசிக்கிறது. அதற்கு முதலில் பியானோவும், பிறகு ஊதுகருவிகளும் இரண்டே இரண்டு ஒலிகளில் பதில் சொல்கின்றன. அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

நான்கு தட்டுகள் சேர்ந்தது ஒரு கட்டம். கட்டங்களின் கணக்கு தவறாமலிருக்க, ஒவ்வொரு கட்டத்தின் முதல் தட்டிலும் அந்தக் கட்டத்தின் எண்ணைச் சொல்லுங்கள்: 'ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, இரண்டு-இரண்டு-மூன்று-நான்கு, மூன்று-இரண்டு-மூன்று-நான்கு' என்று எட்டு வரை சென்று, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி நான்கு எட்டுகள், அதாவது 32 கட்டங்கள், சேர்ந்ததே ஒரு சுற்று. முதல் இரண்டு எட்டுகளும் ஒரே சுரத்தளத்தில் நிற்கின்றன. மூன்றாவது எட்டில் எல்லாமே அரைச் சுரம் மேலே ஏறுகின்றன. நான்காவதில் பழைய இடத்துக்கே இறங்கிவிடுகின்றன. இலக்கணம் எதுவும் தெரியாதவருக்கும் அந்த ஏற்றம், அறையில் யாரோ கூடுதலாக ஒரு விளக்கைப் போட்டதுபோல் தெரிந்துவிடும். முதல் சில நாட்கள் நான் மூன்றாவது எட்டில்தான் எண்ணிக்கையைத் தவறவிட்டுக்கொண்டிருந்தேன். பேஸ் மெட்டு மறுபடி கீழே இறங்கும் இடத்தைப் பிடித்து மீண்டும் சேர்ந்துகொண்டேன்.

மெட்டு ஒரு சுற்று முடியும் இடத்தில் ட்ரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஓர் அடி அடிக்கிறார். அதன் ரீங்காரம் அடங்குவதற்குள் டேவிஸின் ட்ரம்பெட் நுழைந்துவிடுகிறது. டேவிஸ் இரண்டு சுற்றுகள், சாக்ஸஃபோனில் ஜான் கோல்ட்ரேன் இரண்டு, கேனன்பால் ஆடர்லி இரண்டு, பியானோவில் பில் எவன்ஸ் ஒன்று என்று வரிசையாக, தனித்தனியே மனோதர்மத்தை (அந்தக் கணத்தில் கற்பனையில் பிறக்கும் இசையை) வாசிக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எண்ணிக்கை கையில் இருந்தால், ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கப்போவதை முன்கூட்டியே உணர்வீர்கள். அரங்கில் பழகிய ரசிகர்கள் சரியான இடத்தில் கைதட்டுவதன் இரகசியமும் இதுதான்.

படி 3: மறுமுறை கேட்கையில் ஒரே கருவியைப் பின்தொடருங்கள்

மறுநாள் அதே பாடலில் பால் சேம்பர்ஸின் பேஸை மட்டும் கேளுங்கள். தனி வாசிப்புகளின்போது அவர் தட்டுக்கு ஒரு சுரமாக நடந்துகொண்டே இருப்பார். விரலால் தாளம் போடுவதானால் ஒன்றிலும் மூன்றிலும் அல்லாமல், இரண்டிலும் நான்கிலும் போட்டுப் பாருங்கள். பாடலின் நடையே மாறிவிட்டதுபோல் இருக்கும்.

படி 4: மெட்டு மறையும் பதிவுக்குச் செல்லுங்கள்

'பாடி அண்ட் சோல்' என்ற பாடலை முதலில் யாராவது பாடிய பதிவில் கேட்டு, மெட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பிறகு 1939-இல் கோல்மன் ஹாக்கின்ஸ் சாக்ஸஃபோனில் வாசித்ததைக் கேளுங்கள். சில கட்டங்களுக்குப் பிறகு மூல மெட்டைக் காண முடியாது. ஆனால் இதுவும் 32 கட்டங்கள் கொண்டதுதான். மெட்டு போய்விட்டாலும் எண்ணிக்கை உங்களைக் கைவிடாது.

படி 5: கூட்டத்தின் நடுவே பதிவானவற்றைக் கேளுங்கள்

நேரடி நிகழ்ச்சிக்கு ஏங்குபவர்களுக்கு இதுவே நல்ல மருந்து. 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை அரங்கில் பில் எவன்ஸ் மூவர் குழு வாசித்த பதிவுகளில், பியானோ தணியும் இடங்களில் கண்ணாடிக் குவளைகள் மோதும் ஒலியும் மெல்லிய பேச்சும் கேட்கும். விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேட்டால் நீங்களும் ஒரு மேசையில் அமர்ந்திருப்பதாகவே தோன்றும். அன்று பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ, பதினோரு நாட்களில் கார் விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 25.

இணைய நேரலைகளும் உண்டு. 2020-இல் அரங்குகள் மூடப்பட்டபோது அதே வான்கார்ட் தன் மேடையிலிருந்து நேரலைகளை நடத்தியது; பியானோ கலைஞர் எமெட் கோஹன் தம் வீட்டிலிருந்தே வாசித்தார். நேரலையைத் தொடங்கும் நேரத்திலேயே பாருங்கள். கட்டணம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள், ஏனெனில் அரங்கம் மூடினால் முதலில் நிற்பது கலைஞரின் வருமானம்தான்.

ஐந்து படிகளும் கைவந்தபின், ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1960-இல் பெர்லினில் பாடிய 'மேக் த நைஃப்' பதிவைப் போடுங்கள். பாதியில் அவருக்கு வரிகள் மறந்துபோகின்றன. குழு நிற்கவில்லை, தாளமும் தளரவில்லை. மறந்துவிட்டதையே வரிகளாக்கி, ஜாஸ் பாடகர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலையும் இடையில் நடித்துக் காட்டி, ஒரு கட்டம்கூடப் பிசகாமல் அவர் பாடி முடிக்கிறார். எண்ணிக்கொண்டே கேளுங்கள்.