கூட்டிலிருந்து விழுந்த சிட்டுக்குருவிக் குஞ்சை மீண்டும் சேர்ப்பது எப்படி?

கொங்கு நாட்டின் ஓட்டு வீடுகளிலும் தோட்டத்துச் சாளைகளிலும் (குடிசைகளிலும்) ஓட்டு இடுக்குகளே சிட்டுக்குருவிகளுக்குப் போதுமான இடமாக இருந்தன. தார்சு (கான்கிரீட் கூரை) வீடுகள் பெருகிய பின் அந்த இடுக்குகள் குறைந்துவிட்டதால், இறவாரத்தின் கீழ் மரப்பெட்டிகளை வரிசையாக மாட்டி வைப்போர் இன்று பலர் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீடுகளில், குறிப்பாகச் சித்திரை, வைகாசி வெயிலில், குஞ்சுகள் தரையில் கிடப்பதைப் பார்க்க நேரிடும். அப்போது நம் வேலை அவற்றை வளர்ப்பதன்று. தாய் தந்தையிடம் விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.

முதலில் இறகைப் பாருங்கள். உடல் முழுவதும் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகும் குஞ்சு விழுந்ததன்று. பறக்கப் பழகுவதற்காகக் கூட்டை விட்டு வெளியே வந்தது. முட்டையிலிருந்து வெளிவந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சுகள் இப்படி வெளியேறும். அதன் பிறகும் சில நாட்கள் பெற்றோரே இரை ஊட்டும். பூனையும் காக்கையும் எட்டாதபடி, பக்கத்திலுள்ள செம்பருத்திச் செடியிலோ கிளுவை வேலியிலோ அதை உட்கார வைத்துவிட்டு விலகிவிடுங்கள். இறகில்லாமல் இளஞ்சிவப்பாகவோ, முள்முள்ளாக இறகு முளைக்கும் நிலையிலோ இருக்கும் குஞ்சு மட்டுமே கூட்டுக்குத் திரும்ப வேண்டியது.

மனிதக் கை பட்டால் தாய்க்குருவி குஞ்சை ஒதுக்கிவிடும் என்று நம் ஊர்களில் பலரும் நம்புகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. தயங்கி நிற்கும் நேரத்தில்தான் எறும்பு மொய்த்துக் குஞ்சு இறக்கிறது. குஞ்சை எடுத்தவுடன் எறும்புகளை மெல்லத் தட்டிவிட்டு, உடல் சில்லென்றிருந்தால் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடு ஏற்றுங்கள். குளிர்ந்த குஞ்சு வாய் திறக்காது. வாய் திறக்காத குஞ்சைப் பெற்றோர் பொருட்படுத்தாமல் விட்டுவிடக்கூடும். எனவே சூடேறி அசையத் தொடங்கிய பிறகே கூட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். மூச்சுக்குழலின் துளை வாய்க்குள் நாக்கின் பின்பக்கத்திலேயே இருப்பதால், பரிவோடு விடும் சில சொட்டுகளே நுரையீரலுக்குள் போய் உயிரைப் பறித்துவிடும். பால், சோறு, ரொட்டி ஆகியவையும் வேண்டாம்.

பெட்டிகள் பல இருக்கும் இடத்தில் எது எந்தக் கூட்டுக் குஞ்சு என்ற குழப்பம் வரும். பெட்டிகளுக்கு எண் எழுதி, எதில் எப்போது குஞ்சு பொரித்தது என்று குறித்து வைத்திருந்தால் இது எளிது. அப்படியும் தெரியாவிட்டால், அதே வளர்ச்சியுள்ள குஞ்சுகள் இருக்கும் கூட்டில் வைக்கலாம். சிட்டுக்குருவிகள் அதையும் சேர்த்தே வளர்க்கும். பெரிய குஞ்சுகளோடு சிறியதை வைத்தால் மட்டும் இரைக்கான போட்டியில் அது பட்டினி கிடக்கும். இறகு நன்கு வளர்ந்த குஞ்சுகள் உள்ள பெட்டியைத் திறந்தால் மற்றவையும் பதறிக் குதிக்கும். அவசியமானால் மட்டும் திறந்து, வைத்த பின் வாசல் துளையைச் சில நிமிடம் கையால் மூடி, சத்தம் அடங்கிய பிறகு கையை எடுங்கள்.

கூடே சரிந்து விழுந்திருந்தால், ஒரு சிறு மண்கலயத்தின் அடியில் நீர் வடியத் துளையிட்டு, பழைய கூட்டின் புல்லையே உள்ளே பரப்பி, முன்பிருந்த இடத்துக்கு மிக அருகில், நிழலில், சற்றுச் சாய்த்துக் கட்டுங்கள். பிறகு தள்ளி நின்று ஒரு மணி நேரம் பாருங்கள். பகலில் பெற்றோர் அடிக்கடி இரை கொண்டு வருவதால், அந்த நேரத்துக்குள் அவை உள்ளே போய் வருவது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பூனை கவ்விய குஞ்சுக்கு வெளியில் காயம் தெரியாவிட்டாலும், பூனையின் எச்சில் கிருமியால் அது இறக்க நேரிடும். அதையும், மின்விசிறியில் அடிபட்டு இறக்கை தொங்கும் பறவையையும், துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாகவும் கதகதப்பாகவும் வைத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. காயத்தில் எண்ணெய் தடவாதீர்கள். இறகுகள் ஒட்டிக்கொண்டு உடல் சூடு போய்விடும்.

ஒரே பெட்டியிலிருந்து மீண்டும் மீண்டும் குஞ்சு விழுந்தால் காரணம் பெட்டிக்குள் இருக்கும். தகரக் கூரைக்கு ஒட்டினாற்போல் மாட்டிய பெட்டி உள்ளே கொதிக்கும். குஞ்சுகள் காற்றுக்காக வாசலில் முண்டியடித்துத் தவறி விழும். பெட்டியை இடம் மாற்றாமல், அதன் மேல் தென்னங்கீற்று ஒன்றைக் கட்டி நிழல் தாருங்கள். விழுந்த குஞ்சின் உடலில் பொடிப்பொடியாக ஏதேனும் ஊர்ந்தால் அது செள்ளு என்னும் ஒட்டுண்ணிப் பூச்சி. குஞ்சுகளைத் துணி விரித்த பாத்திரத்தில் எடுத்து வைத்து, பழைய புல்லை அகற்றி, காய்ந்த புல்லையோ தேங்காய் நாரையோ குழிவாக அமைத்து உடனே திரும்ப வையுங்கள். பூச்சி மருந்துப் பொடி எதையும் தூவக் கூடாது. குஞ்சுகள் பறந்து போனதும் பெட்டியைச் சுரண்டி வெயிலில் காயவைத்து, அவை அடுத்த முறை முட்டையிடுவதற்கு முன் அதே ஆணியில் மாட்டிவிடுங்கள்.