பழைய புடவையில் குழந்தைக்கு ஒரு விரிப்பு: கையாலேயே தைக்கும் முறை

நான் தைத்த முதல் விரிப்பு பொரித்த அப்பளம் மாதிரி இருந்தது. தங்கை பிரசவத்துக்கு வந்திருந்த நேரம். குழந்தை பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நான்கு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். ஓரத்தில் பத்துக் குண்டூசிகளைக் குத்திவிட்டு நேரே தைக்க உட்கார்ந்துவிட்டேன். பாதி வந்தபோது மேல்துணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. அடித்துணி மடிப்பு மடிப்பாகத் தையலுக்குள் சிக்கியிருந்தது. அம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். "துணிகள் முதலில் ஒன்றோடொன்று பழகட்டும். அப்புறம் தை" என்றார். மூன்று இரவு தைத்ததை ஒரு மதியத்தில் பிரித்தெடுத்தேன்.

அதனால் இந்த விளக்கத்தில் தையலைவிட அடுக்குவதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். தையல் என்று பார்த்தால் இதில் இருப்பது ஓட்டத் தையல் ஒன்றுதான். பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. மெஷின் வேண்டாம், பஞ்சும் வேண்டாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன பருத்திப் புடவை இருந்தால் போதும்.

பழைய புடவையை அடுக்கித் தைப்பது ஊருக்கு ஊர் உண்டு. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி, கர்நாடகத்தில் கவுதி. நாம் பழமொழியில் கசக்கிக் கட்டச் சொல்கிற 'கந்தை'யும் 'காந்தா'வும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். பழைய காந்தாக்களுக்கு நூலைக்கூடக் கடையில் வாங்கவில்லை; புடவைக் கரையிலிருந்தே வண்ண இழைகளை உருவித் தைத்தார்கள். உருவிப் பார்க்க எனக்கும் ஆசை வந்தது. இருபது நிமிடத்தில் ஆசை அடங்கியது. நூல் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தப் புடவை?

சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். பீரோவில் இருக்கும் பழைய புடவை பருத்தியா, பாலியஸ்டர் கலந்ததா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நான்கு இழைகளை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலை விட்டுச் செல்லும். செயற்கை இழை உருகிச் சுருண்டு நுனியில் கறுப்பு மணி போல இறுகிவிடும். மணி வந்தால் அந்தப் புடவை வேண்டாம். குழந்தைக்கு வியர்க்கும்.

அடுத்தது வலு. துணியை இரண்டு கட்டை விரல்களுக்கும் நடுவே பிடித்து வெடுக்கென்று இழுங்கள். தாங்கினால் மேலே போடலாம். இழை விலகிச் சல்லடையாகத் தெரிந்தால் உள் அடுக்குக்கு வைத்துக்கொள்ளலாம். 'சர்ர்' என்று கிழிந்தால் தரை துடைக்கத்தான். ஒரே புடவையில் மூன்று வகையும் இருக்கும். கொசுவப் பகுதியும் குதிகால் படும் கீழ் ஓரமும்தான் முதலில் நைந்துபோகின்றன.

ஜரிகைக் கரை கூடாது. பழைய ஜரிகை பிரிந்து கம்பி கம்பியாக நீட்டிக்கொள்ளும், குழந்தையின் தோலில் கீறும். அதை வெட்டி வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

சாயம் போகுமா என்று பார்க்காமல் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் புடவையின் மேல் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தப் புடவையை ஒதுக்கிவிடுங்கள். அரக்குச் சிவப்புச் சுங்குடி ஒன்றை "இருபது வருடப் புடவை, இனி எங்கே சாயம் போகப்போகிறது" என்று நம்பிப் போட்டேன். முதல் துவைப்பிலேயே வெள்ளை உள்துணி ரோஜாப்பூ நிறமாகிவிட்டது. பார்த்தவர்கள் வேண்டுமென்றே செய்தது என்று நினைத்துப் பாராட்டினார்கள். நானும் மறுக்கவில்லை.

தேறிய புடவைகளைக் கஞ்சி போகும்படி ஒருமுறை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை

ஆங்கர் எம்பிராய்டரி நூல் ஐந்து கட்டு, ஏழாம் எண் ஊசி ஒரு பாக்கெட், தற்காலிகத் தையலுக்கு வெள்ளை மெஷின் நூல் ஓர் உருளை. ஊசியின் எண் கூடக்கூட ஊசி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். பத்தாம் எண்ணை வாங்கிவிட்டு நூல் கோக்க முடியவில்லை என்று வருந்தாதீர்கள். நடுவிரலில் மாட்டிக்கொள்ளும் உலோகத் தொப்பி தையல் பொருள் கடையில் கிடைக்கும். முதல் நாள் அது இடைஞ்சலாகத் தெரியும். மூன்றாம் நாள் அது இல்லாமல் தைக்க மாட்டீர்கள். கத்தரிக்கோல், அளவு நாடா, ஒரு மெழுகுவர்த்தி ஆகியவை வீட்டிலேயே இருக்கும்.

வெட்டுவது, இல்லை, கிழிப்பது

ஐந்தரை மீட்டர் புடவையில் 40 அங்குல நீளத்துக்கு ஐந்து துண்டுகள் தேறும். நமக்கு வேண்டியது நான்குதான். ஒரே புடவையில் முடிக்கலாம். ஆனால் மேலும் கீழும் ஒரு புடவை, உள்ளே இரண்டு அடுக்குக்கு வேறொரு வெளிர் நிறப் புடவை என்று வைத்தால் நன்றாக இருக்கும். உள்ளே அடர்நிறம் போனால் மேலே நிழலடிக்கும்.

40 அங்குலத்தில் குறி வைத்து, ஓரத்தில் கத்தரிக்கோலால் ஓர் அங்குலம் வெட்டி, அங்கிருந்து கிழியுங்கள். துணி ஊடை இழையின் வழியே நேராகக் கிழியும். எவ்வளவு கைதேர்ந்தவர் வெட்டினாலும் அந்த நேர் வராது. கரை வந்ததும் கிழிவது நிற்கும். அங்கே மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள்.

அடித்துணி முழு அளவில் இருக்கட்டும்: 40 அங்குலம், அகலம் 45. மற்ற மூன்றையும் 37க்கு 42 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கக் கரைகளையும் எடுத்தாலே அகலம் ஏறக்குறைய அதற்கு வந்துவிடும். அடித்துணி சுற்றிலும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக இருப்பது கடைசியில் ஓரம் மடிப்பதற்காக.

மேல்துணிக்குக் கட்டம் போட்ட புடவை அகப்பட்டால் அதிர்ஷ்டம். கோடு போட சாக்பீஸ் தேவையில்லை, நெய்தவரே போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆனால் கண்டாங்கி போன்ற கனத்த நெசவை ஓர் அடுக்குக்கு மேல் வைக்காதீர்கள். ஊசி இறங்காது, விரல்தான் வலிக்கும்.

அடுக்குவது: இங்கே அவசரம் வேண்டாம்

கூடத்துத் தரையைத் துடைத்துக் காயவிடுங்கள். கட்டில் வேண்டாம், மெத்தை அமுங்கிக் கொடுக்கும். அடித்துணியைப் போட்டு, நான்கு ஓரங்களையும் தரையோடு செல்லோ டேப்பால் ஒட்டுங்கள். விறைப்பாக இழுக்கக் கூடாது. சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும். இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி பழைய நிலைக்குச் சுருங்கி, மேலே இருப்பதையும் சேர்த்துச் சுருக்கிவிடும். என் அப்பளத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இதன்மேல் உள்துணி இரண்டையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒவ்வொன்றையும் போட்டதும் இரு உள்ளங்கைகளாலும் நடுவிலிருந்து வெளியே தடவுங்கள். தூங்கும் குழந்தையின் முதுகைத் தடவுகிற அழுத்தம் போதும். உள்ளங்கைக்கு அடியில் சின்ன முடிச்சோ மடிப்போ தட்டுப்பட்டால் அப்போதே தூக்கிச் சரிசெய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத மடிப்பு கைக்குத் தெரியும். கடைசியாக மேல்துணி. நான்கு மூலையிலும் தண்ணீர் நிரம்பிய சொம்பு வைத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

இனி தற்காலிகத் தையல், பின்னால் உருவி எடுக்கப்போகிற தையல். வெள்ளை மெஷின் நூலில், ஒவ்வொன்றும் இரண்டு அங்குல நீளமாக, நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். முதலில் நடுவே ஒரு கூட்டல் குறி. பிறகு அதற்கு இருபுறமும் நான்கு அங்குலத்துக்கு ஒரு வரிசை. கடைசியில் மேல்துணியின் ஓரத்தைச் சுற்றி ஒரு வரிசை. தரையில் குனிந்து செய்ய வேண்டியிருப்பதால் முதுகு கெஞ்சும். ஒன்றரை மணி நேரம் ஆகும். எல்லாருக்கும் இதைத் தாண்டிக் குதிக்கத்தான் தோன்றும். குண்டூசி போதாதா என்பீர்கள். மடியில் போட்டுத் தைக்கும்போது குண்டூசி நழுவும், குத்தும். ஒன்று உள்ளேயே தங்கிப்போனால் அதில் குழந்தையைப் படுக்க வைக்க முடியுமா? குண்டூசியே வேண்டாம்.

ஓட்டத் தையல்

எம்பிராய்டரி நூலில் ஆறு இழைகள் இருக்கும். மூன்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். 45 அங்குலம், அதாவது இரண்டரை முழம் வெட்டி, ஒரு நுனியில் மூன்று இழைகளைப் பிரித்துப் பிடித்து மெதுவாக இழுங்கள். மறுநுனி பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே பிரியும். சுழல விடுங்கள். பிடித்தால் சிக்கல் விழும்.

இவ்வளவு நீள நூலை ஊசியில் கோக்கக் கூடாது என்று தையல் ஆசிரியர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஒரு வரிசையை ஒரே நூலில் முடித்தால் நடுவில் முடிச்சே வராது. இரு நுனி முடிச்சுகளும் ஓர மடிப்புக்குள் மறைந்துவிடும். மெழுகுவர்த்தியின் மேல் நூலை ஒருமுறை உருவினால் சிக்குவதும் குறையும்.

கணக்கு எளிது. வரிசைக்கு வரிசை முக்கால் அங்குலம் என்றால் 42 அங்குலத்துக்கு 56 வரிசை. எட்டு மீட்டர் கட்டு ஒன்றில் பிரித்த நூல் 14 வரிசைக்கு வரும். நான்கு கட்டு போதும். ஐந்தாவது சிக்கலுக்கும் கைத்தவறுதலுக்கும்.

துணியை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். இடது கை துணிக்கு அடியில். ஊசியைச் செங்குத்தாக இறக்குங்கள். கீழே இருக்கும் விரலில் நுனி லேசாகத் தட்ட வேண்டும். தட்டினால்தான் நான்கு அடுக்கும் பிடிபட்டது என்று அர்த்தம். தட்டிய உடனே அந்த விரலால் ஊசியை மேலே தள்ளுங்கள். இப்படி மூன்று நான்கு தையல்கள் ஊசியில் சேர்ந்த பிறகு இழுங்கள். மேலே தெரியும் தையல் ஓர் அரிசி நீளம் இருக்கட்டும், இடைவெளி அரை அரிசி. பொன்னி அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்மதி வேண்டாம். முதல் பத்து வரிசை கோணலாகத்தான் வரும். பிரிக்காதீர்கள்.

நூலை எவ்வளவு இழுப்பது என்பதுதான் கைக்குப் பழக வேண்டிய ஒரே விஷயம். நூல் துணியின் மேல் படிந்ததும் நிறுத்துங்கள். வரிசை முடிந்ததும் அதன்மேல் கட்டை விரலை ஓட்டி நீவிவிட்டு, அதற்குப் பிறகு முடிச்சுப் போடுங்கள்.

முதல் வரிசை நடுவில். அங்கிருந்து வலப்புறம் ஓரம் வரை முடித்து, மறுபடி நடுவுக்கு வந்து இடப்புறம். ஓரத்திலிருந்து தொடங்கினால் தொய்வு எல்லாம் மறு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு அங்கே மூட்டையாக நிற்கும். கர்நாடகத்து உத்தர கன்னடப் பகுதியில் வாழும் சித்தி இனப் பெண்கள் இதற்கு நேர்மாறாக, மூலையில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடிக்கிறார்கள். கவந்தி என்று பெயர். அது கைதேர்ந்தவர்களின் வழி. முதல் விரிப்புக்கு நடுவில் தொடங்குவதுதான் பாதுகாப்பு.

விரலில் குத்தி ரத்தம் பட்டால் உடனே குளிர்ந்த நீரால் ஒற்றி எடுங்கள். வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும்.

ஒரு வரிசைக்குக் கால் மணி நேரம் என்றால் மொத்தம் 14 மணி நேரம். இரவு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரம்.

ஓரம்

நீட்டிக்கொண்டிருக்கும் அடித்துணியைப் பாதியாக மடித்து, அதன் விளிம்பு மேல்துணியின் விளிம்பைத் தொடும்படி வையுங்கள். பிறகு அதை அப்படியே மேல்துணியின் மேல் மடித்தால் முக்கால் அங்குலப் பட்டை கிடைக்கும். புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற அதே ஹெம்மிங்தான் இதற்கும், ஆனால் இன்னும் நெருக்கமாக. மெஷின் நூலை இரட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூலைதான் கொஞ்சம் மண்டையைக் குடையும். பக்கங்களை மடிப்பதற்கு முன்னால், அடித்துணியின் மூலையை முக்கோணமாக உள்ளே மடியுங்கள். அந்த மடிப்புக்கோடு மேல்துணியின் மூலைமுனையைத் தொட்டபடி இருக்க வேண்டும். முக்கோணத்தின் நுனியைச் சிறிது வெட்டிவிட்டு, இப்போது இருபக்கங்களையும் முன்போல மடித்தால் இரண்டு பட்டைகளும் சாய்வாக வந்து சேரும். காகிதத்தில் ஒருமுறை மடித்துப் பார்த்துவிட்டுத் துணிக்கு வாருங்கள்.

பிரிப்பதும் துவைப்பதும்

இப்போது தற்காலிகத் தையலை எடுக்கலாம். ஒவ்வொரு நான்கு தையலுக்கும் ஒரு வெட்டு கொடுத்து உருவினால் சுலபமாக வரும். ஒரே இழுப்பாக இழுத்தால் ஓட்டத் தையலையும் சேர்த்து இழுக்கும். ஊசிகளை எண்ணுங்கள். பாக்கெட்டில் எத்தனை இருந்தன, இப்போது எத்தனை? கணக்கு இடித்தால் விரிப்பைத் தடவித் தேடாமல் குழந்தையின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

மென்மையான சோப்பில், குளிர்ந்த நீரில் கையால் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் இரண்டு துண்டுகளுக்கு நடுவே சுருட்டி அழுத்தி, நிழலில் கிடையாக விரித்துக் காயவையுங்கள். காய்ந்ததும் வரிசைகளுக்கு நடுவே துணி மெல்ல எழும்பிச் சின்னச் சின்ன அலையாகச் சுருங்கியிருக்கும். இது அப்பளச் சுருக்கம் இல்லை. இஸ்திரி போட்டு அதைக் கெடுக்காதீர்கள்.