பிறர் எழுத்தில் பிழை திருத்தும்போது

ஒரே வாசிப்பில் எல்லாப் பிழையும் அகப்படாது. கண் பொருளைத் தேடி ஓடும், எழுத்து நழுவிவிடும். அதனால் மூன்று முறை படியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வகைப் பிழையை மட்டும் தேடுங்கள்.

முதல் சுற்று ட், ற். தமிழ்ச் சொல்லில் இவ்விரண்டுக்கும் பின் புள்ளி வைத்த இன்னொரு மெய் (ஒற்று) வராது. முயற்ச்சி, காட்ச்சி, கற்ப்பனை, வெட்க்கம் எல்லாம் பிழை. முயற்சி, காட்சி, கற்பனை, வெட்கம் என்பதே சரி. வாய்ப்பு, வளர்ச்சி, மகிழ்ச்சி என்று எழுதிப் பழகிய கை இங்கும் ஓர் ஒற்றைச் சேர்த்துவிடுகிறது. ய், ர், ழ் இன்னொரு ஒற்றைத் தாங்கும். ட், ற் தாங்கா. கணினியில் ட்க், ட்ச், ட்ப், ற்க், ற்ச், ற்ப் என்ற ஆறையும் தேடினால் இவ்வகைப் பிழை அனேகமாகச் சிக்கிவிடும். மேட்ச், வாட்ச் போன்றவையும் கூடவே வரும், விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, வல்லினம் மிகுதல், அதாவது இரு சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் தோன்றுதல். ஐ, கு உருபுகளுக்குப் பின்னும் அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின்னும் மிகும்: வீட்டைக் கட்டினான், ஊருக்குப் போனான், அந்தப் பையன். வந்த பையன், பெரிய கடை என்பவற்றில் மிகாது. பலர் தடுமாறுவது து, டு, று என உகரத்தில் முடியும் வினையெச்சத்தில். கடைசி எழுத்துக்கு முன் நிற்கும் மெய்யைப் பாருங்கள். வல்லினம் என்றால் மிகும்: படித்துப் பார்த்தான், கேட்டுச் சொன்னான். மற்றவை என்றால் மிகாது: வந்து பார்த்தான், செய்து கொடுத்தான். ஒற்று வெறும் அலங்காரம் அன்று. ‘வேலை கொடு’ என்றால் பணி கேட்கிறார். ‘வேலைக் கொடு’ என்றால் கையில் ஏந்தும் வேலைக் கேட்கிறார்.

மூன்றாவது கண்ணுக்கே தெரியாதது. ஔவையார் என்பதில் ஔ-வுக்குப் பதில் ஒ, ள என இரண்டு எழுத்தாகவும், கௌரவத்தில் கெ, ள எனவும் தட்டியிருப்பார்கள். அச்சில் வேறுபாடு தெரியாது. தேடும்போதுதான் சொல் கிடைக்காமல் போகும். ‘ஒளவை’, ‘கெளர’ என்று இரண்டு எழுத்தாகவே தட்டித் தேடிப் பாருங்கள்.

தொடக் கூடாதவையும் உண்டு. வாழ்த்துகள், வாழ்த்துக்கள் இரண்டுமே வழக்கில் இருக்கின்றன. ஒரே கட்டுரையில் இரண்டும் கலந்திருந்தால் மட்டும் சொல்லுங்கள். பேச்சு நடையில் அமைந்த உரையாடலையும் மேற்கோளையும் மாற்றாதீர்கள். தமிழ்நாட்டில் டொரண்டோ என்பதை ஈழத்தவர் ரொறன்ரோ என்பார்கள். அது அவர்கள் மரபு, பிழையன்று.

எழுதியவரிடம் தனியாகச் சொல்லுங்கள். பொருளை மாற்றும் பிழை முதலில் வரட்டும். சரியான வடிவத்தோடு ஒரு வரியில் காரணத்தையும் தாருங்கள்: “சுவரில் என்று வர வேண்டும். கிணறு, கிணற்றில் ஆகும். சுவர் ‘று’வில் முடியாததால் சுவற்றில் ஆகாது.” காரணம் சொல்ல வராத இடத்தில் அகராதியைப் பார்க்காமல் திருத்தாதீர்கள். உங்கள் எழுத்தில் ஒருவர் பிழை காட்டினால், அந்த ஓரிடத்தை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள்; அதே சொல்லைக் கட்டுரை முழுவதும் தேடுங்கள்.