யாருடைய மண்ணில் உட்காரப் போகிறீர்கள்?

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் சடங்குகளோடு நடக்கும் மனநல முகாம்களில் சேருகிற பலர், பணம் கட்டும்போதே முதல் தவறைச் செய்துவிடுகிறார்கள். விளம்பரத்தில் 'அபாரிஜினல் முறை' என்று இருந்தால் போதும் என்று நம்பிவிடுகிறார்கள். அப்படி ஒரே முறை எதுவும் கிடையாது. ஐரோப்பியர் வந்திறங்கியபோது அங்கே 250-க்கும் மேற்பட்ட மொழிகள் புழங்கின. மண்ணும் சடங்கும் மக்களுக்கு மக்கள் வேறு. இது எந்த மக்களின் மண், யார் அனுமதியில் நடக்கிறது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பார்க்கலாம். இன்னொரு அடையாளமும் உண்டு: மண்ணுக்குரியவர்களை மதித்து நாலு வார்த்தை யாரும் பேசலாம், ஆனால் 'எங்கள் மண்ணுக்கு வாருங்கள்' என்று வரவேற்க அந்த மண்ணின் மக்களுக்கே உரிமை.

அதிகம் சிதைக்கப்படுவது 'டாடிரி' என்ற சொல்தான். ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில், டேலி ஆற்றங்கரையிலுள்ள நௌயூவைச் சேர்ந்த மிரியம்-ரோஸ் உங்குன்மெர்-பாமன் என்ற மூதாட்டி இதை வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னவர்; ஆசிரியர், ஓவியர், 2021-இல் அந்நாட்டின் சிறந்த மூத்த குடிமகளாகத் தேர்வானவர். ஆழ்ந்து கேட்பது, அசையாமல் விழித்திருப்பது, அவசரமில்லாமல் காத்திருப்பது என்று அதை விளக்கலாம். ஆற்றையும் மண்ணையும் பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். இதை இருபது நிமிட தியானப் பயிற்சியாக்கி, கைப்பேசியில் மணி வைத்து உட்கார்ந்தால் அந்தக் காத்திருப்பு எங்கே போகும்?

புகைச் சடங்கில் உள்ளூர்ச் செடிகளின் பச்சை இலைகளைக் கனலில் போட்டுப் புகைய விடுவார்கள். நமக்குச் சாம்பிராணி நினைவு வரும், வரட்டும். ஆனால் முகாமில் வெள்ளை சேஜ் என்ற மூலிகையின் இலைக்கட்டைக் கொளுத்தினால், அது வட அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்து எடுத்து வந்தது.

மூலையில் டிஜெரிடூ என்ற நீண்ட மர ஊதுகருவி இருந்தால் சட்டென்று எடுத்து ஊதாதீர்கள். சில சமூகங்களில் பெண்கள் அதை ஊதுவதில்லை. பெண்களுக்கு மட்டும், ஆண்களுக்கு மட்டும் என்று தனித்தனிச் சடங்குகளும் உண்டு. துருவிக் கேட்பது அநாகரிகம்.

மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவது ஆபத்து. மத்திய ஆஸ்திரேலியாவின் 'ஙங்காரி' வைத்தியர்களே மருத்துவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

கல், மண் எதையும் நினைவுக்காக எடுத்து வராதீர்கள். உலுரூ என்ற புனிதப் பாறை இருக்கும் தேசியப் பூங்காவில் அப்படிக் கல்லை எடுத்துப் போனவர்கள், பின்னால் மனம் உறுத்தி மன்னிப்புக் கடிதத்தோடு அதைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். வந்து சேரும் கல் எந்த இடத்தில் கிடந்தது என்று கண்டுபிடிப்பது பூங்கா ஊழியர்களுக்குப் பெரும்பாடு.