பேதிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வரும் தாய்மார்களுக்கு

மும்பை தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் 22 ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறேன். ஜூன் மழை தொடங்கி இரண்டு வாரம் ஆகிவிட்டால் போதும், காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே இரண்டு தாய்மார்களாவது வெளியே நிற்பார்கள். இடுப்பில் துவண்ட பிள்ளை, கையில் காலி பாட்டில். “அக்கா, போன வருடம் மூத்தவனுக்கு இதுதான் கேட்டது. இதையே கொடுங்கள்.” அந்த பாட்டில் பெரும்பாலும் ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த ஆன்டிபயாடிக் சிரப்பாக இருக்கும். மருத்துவர் எழுதிய சீட்டு இருக்காது. சீட்டில்லாமல் நான் கொடுப்பதில்லை. ஆனால் வெறுங்கையோடும் அனுப்புவதில்லை. அவர்களிடம் நான் என்ன கேட்கிறேன், என்ன சொல்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேட்பது, மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்றுதான். சிறு பிள்ளைகளுக்கு வரும் பேதியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. தண்ணீராகப் போகும், வாந்தி இருக்கும், லேசான காய்ச்சலும் இருக்கலாம். சில நாட்களில் தானாக அடங்கிவிடும். அதற்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. போதாக்குறைக்கு, குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் அழித்துப் பேதியை இன்னும் நீட்டிவிடும். போன வருடம் மூத்தவனுக்கு ‘கேட்டது’ மருந்தாக இருக்காது. மூன்றாம் நாள் தானாக நிற்க வேண்டிய பேதி நின்றிருக்கும், பேர் மருந்துக்குப் போயிருக்கும்.

ரத்தமும் சளியும் சேர்ந்து வந்தால் கதை வேறு. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போகும்போது பிள்ளை முக்கி அழும், காய்ச்சல் கொதிக்கும். இதைத்தான் நம் ஊரில் சீதபேதி என்பார்கள். குழந்தைகளுக்கு இப்படி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஷிகெல்லா என்ற பாக்டீரியா. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். சந்தேகமாக இருந்தால் அந்தத் துணியையோ டயப்பரையோ ஒரு பையில் சுற்றி எடுத்துப் போங்கள், அல்லது போனில் படம் பிடித்துக் காட்டுங்கள். பீட்ரூட் சாப்பிட்ட பிள்ளைக்கும் சிவப்பாகப் போகும், அதையும் சொல்லிவிடுங்கள். மருத்துவர் மலப் பரிசோதனை எழுதினால், முதல் வேளை மருந்து உள்ளே போவதற்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிட வேண்டும். மருந்து போன பிறகு கொடுத்தால் கிருமி வளராமலே போகலாம்.

ரத்தம் இல்லாவிட்டாலும் ஆன்டிபயாடிக் எழுத வேண்டிய நிலைகள் உண்டு. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெள்ளையாக, வாளி வாளியாகப் போனால் அது காலராவாக இருக்கலாம். மூன்று மாதத்துக்குள் இருக்கும் பச்சைக் குழந்தை, ஊட்டச்சத்துக் குறைந்து மெலிந்த பிள்ளை ஆகியோரின் கணக்கும் வேறு. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். நானும் இல்லை, பக்கத்து வீட்டு அம்மாவும் இல்லை.

ரத்தபேதிக்கு உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது சிப்ரோஃப்ளாக்சசின், மூன்று நாள். ஆனால் நம் நாட்டில் ஷிகெல்லா அதற்குப் பெரும்பாலும் மசிவதில்லை. கடையில் கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்ததன் பலன் இது, என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அதனால் இப்போது சீட்டில் அதிகம் பார்ப்பது செஃபிக்சிம் அல்லது அசித்ரோமைசின். நிலைமை மோசமானால் ஆஸ்பத்திரியில் செஃப்ட்ரியாக்சோன் ஊசி. செஃபிக்சிம், விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியலான ஹெச்1 அட்டவணையில் இருக்கும் மருந்து. யார் எழுதினார், யாருக்கு, எத்தனை பாட்டில் என்று நான் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மெட்ரோனிடசோல் என்ற மருந்து, அமீபா என்ற குடல் ஒட்டுண்ணிக்கானது. பரிசோதனையில் அமீபா தெரியாமல் எல்லாப் பேதிக்கும் அதைக் கொடுப்பது வீண்.

இனி பாட்டில். இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒரே பெயரில், ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் அசித்ரோமைசின் இரண்டு அளவுகளில் வருகிறது: 5 மில்லியில் 100 மில்லிகிராம், 5 மில்லியில் 200 மில்லிகிராம். மருத்துவர் 100 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் முதல் பாட்டிலில் 5 மில்லி, இரண்டாவதில் 2.5 மில்லி. மூன்று மழைக்காலத்துக்கு முன் ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்கு மருத்துவர் 200 பாட்டிலை மனதில் வைத்து ‘2.5 மில்லி’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வேறொரு கடையில் 100 பாட்டிலைக் கொடுத்துவிட்டார்கள். மூன்று நாளும் பாதி மருந்துதான் உள்ளே போயிருக்கிறது. நான்காம் நாள் அந்தத் தாய் என்னிடம் வந்தபோது பிள்ளையின் கண் குழிந்திருந்தது, ரத்தம் நிற்கவில்லை. நேரே சயான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்து அனுப்பினேன். குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்துவிட்டாள். அதிலிருந்து சீட்டு, பாட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்து மில்லிகிராமைப் படித்துக் காட்டாமல் யாருக்கும் கொடுப்பதில்லை. நீங்களும் எந்தக் கடையிலும் அப்படிக் கேளுங்கள்.

தூளாக வரும் சிரப்பைக் கலக்கும் முறை இது. மூடியைத் திறப்பதற்கு முன் பாட்டிலை உள்ளங்கையில் தட்டி, அடியில் ஒட்டிய தூளை உதிர்க்க வேண்டும். பெட்டிக்குள் தண்ணீர்க்குப்பி இருந்தால் அதை முழுதும் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் கொதித்து நன்றாக ஆறிய தண்ணீரைப் பாதியளவு ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கும் வரை பொறுத்து, பிறகு கோடு வரை ஊற்ற வேண்டும். நுரையைக் கோடு என்று நினைத்து நிறுத்தினால் மருந்து கெட்டியாகிவிடும். ஒவ்வொரு வேளையும் குலுக்கிய பிறகே அளக்க வேண்டும். வீட்டு ஸ்பூன் வேண்டாம், ஒன்று போல் ஒன்று இருக்காது. ஊசியில்லாத சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று நான் பேனாவால் கறுப்புக் கோடு போட்டுத் தருகிறேன். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது புரியும். கன்னத்தின் உட்புறம் மெல்ல விடுங்கள். குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுப்பதா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கி, ரத்தம் குறைந்து, பிள்ளை சாப்பிடக் கேட்க வேண்டும். அப்படி ஆகவில்லை என்றால் அதே பாட்டிலைத் தொடராமல் திரும்பப் போங்கள், மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். நன்றாகிவிட்டாலும் எழுதிய நாட்களை முடித்துவிடுங்கள். பேதியை அடைக்கும் லோபராமைடு மாத்திரையைக் குழந்தைகளுக்குத் தொடவே கூடாது.

ஆன்டிபயாடிக் எழுதினாலும் எழுதாவிட்டாலும் உயிரைக் காப்பது ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான். 1971இல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தே எத்தனையோ பேரைக் காப்பாற்றினார். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துவிடாதீர்கள், உப்பு மிஞ்சினால் ஆபத்து. ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். சர்க்கரை நிறைந்த பானங்களின் மேல் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அந்த டப்பாக்களை இன்னும் கேட்டு வருகிறார்கள், நான் பொட்டலத்தையே எடுத்து நீட்டுகிறேன். கூடவே ஜிங்க் மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சி, இட்லி, தயிர்சாதம் எதையும் நிறுத்தாதீர்கள்.

பிள்ளை எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகப் படிந்தாலோ, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டாலோ மருந்துக்கடைக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தபேதி நின்ற பிறகு முகம் வெளுத்து மூத்திரம் குறைந்தாலும் அப்படியே, அது சிறுநீரகம் பாதிக்கப்பட்டதன் அடையாளமாக இருக்கலாம்.

கடைசியாக, பாட்டிலில் மீதி. கலக்கிய சிரப் லேபிளில் போட்ட நாளுக்கு மேல் தாங்காது. மே மாதம் சொந்த ஊரான திருநெல்வேலிக்கு ரயில் ஏறும்போது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அதைப் பையில் வைக்கிறார்கள். அதற்குப் பதில் நான்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் ஒரு பட்டை ஜிங்க் மாத்திரையும் வையுங்கள்.