பிரைட்டன் கடற்கரையில் இருபது பேரை மேய்ப்பது எப்படி

நான் கடலூர்க்காரன். தேவனாம்பட்டினம் மணலில் விழுந்து புரண்டு வளர்ந்தவன். அதனால், இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன் நகரத்து ஆங்கில மொழிப் பள்ளி ஒன்றில், வெளிநாட்டு மாணவர்களைச் சாயங்காலங்களில் ஊர் சுற்றக் கூட்டிப்போகும் வேலை கிடைத்தபோது, கடற்கரையைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித்தர முடியும் என்று ஒரு மிதப்பு இருந்தது. முதல் நாள் இருபது பேருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கெத்தாக இறங்கினேன். நாலாவது அடியில் "ஐயோ அம்மா" என்று உட்கார்ந்துவிட்டேன். அங்கே மணல் கிடையாது. தண்ணீர் நன்றாக உள்வாங்கும்போது ஓரத்தில் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். மற்றபடி கரை முழுக்கக் கூழாங்கல். இருபது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க என்னிடம் யாருக்கும் கூச்சமே இருக்கவில்லை. அதையே ஒரு உத்தியாக வைத்துக்கொள்ளலாம்தான், உள்ளங்கால் தாங்காது.

முதுகலை படிக்கப் போகும் நம் பிள்ளைகள் சிலருக்குக் கோடையில் இந்த மாதிரி வேலை அமைகிறது. விசா எத்தனை மணி நேரம் வேலை செய்ய விடுகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று கோடையும் ஒரு குளிர்காலமும் இந்த வேலையைப் பார்த்ததில் எனக்குத் தேறியதை எழுதுகிறேன்.

எந்த இடத்துக்குப் போகலாம் என்று யோசிப்பதுதான் வேலை என்று நினைப்பீர்கள். அது சுலபம். இத்தாலியப் பையன்கள் பன்னிரண்டு பேர் ஒன்றாக வந்து இறங்குவார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே கொத்தாக நடந்து, ஒரே கொத்தாக ஐஸ்கிரீம் வாங்கி, இத்தாலிய மொழியிலேயே பேசிக்கொண்டு திரும்புவார்கள். தன்னந்தனியாக வந்த ஜப்பானியப் பெண் கூட்டத்தின் வாலில் போனைப் பார்த்தபடி நடப்பார். வகுப்பறையில் ஆசிரியர் இடம் மாற்றி உட்கார வைத்துவிடுவார். தெருவில் அந்தக் கொத்தைப் பிரிக்க வேண்டியது நீங்கள்தான்.

திங்கட்கிழமை சாயங்காலத்தை விட்டுவிட்டால் அந்த வாரம் போயிற்று. அன்று காலையில்தான் தேர்வு வைத்து வகுப்பு பிரித்திருப்பார்கள். களைத்துப்போய் நிற்பார்கள். தூரமாக எங்கும் வேண்டாம், கடலோரமாக ஒரு மணி நேர நடை போதும். பள்ளி வாசலிலேயே ஜோடி சேர்த்துவிடுங்கள். விதி ஒன்றுதான்: ஜோடியின் தாய்மொழி வேறாக இருக்க வேண்டும். அப்புறம் ஒரு கேள்வி கொடுங்கள். "எந்த ஊர், என்ன வேலை" என்று கேட்கச் சொல்லாதீர்கள். காலையிலிருந்து பத்துப் பேருக்கு அதற்குப் பதில் சொல்லிச் சலித்திருப்பார்கள்.

எனக்குக் கைகொடுத்த கேள்வி: "உங்கள் வீட்டில் மழை பெய்தால் என்ன சாப்பிடுவீர்கள்?" சும்மா வாயில் வந்த கேள்வி அது. அன்றைக்கு நிஜமாகவே மழை பிடித்துக்கொண்டு, கடலோரச் சாலைக்குக் கீழே இருக்கும் வளைவுகளுக்குள் எல்லாரும் ஒதுங்கி நின்றோம். ஒரு கொரியப் பையன், வெங்காயத்தாள் போட்டுத் தோசைக்கல் மாதிரி ஒன்றில் சுடும் 'பாஜான்' பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அது பொரியும் சத்தமும் மழைச் சத்தமும் ஒன்று போல இருக்கும் என்று சொல்ல அவனுக்கு ஆங்கிலம் வரவில்லை. கையை விரித்துக் கீழே நோக்கி விரல்களை ஆட்டி "ஸ்ஸ்ஸ்" என்றான். கூட நின்ற பிரேசில் பெண்ணுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவர்கள் ஊரில் மழைக்குச் சுடும் மாவுருண்டைக்குப் பெயரே 'மழை உருண்டை'யாம். சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவித் தருவார்களாம். நான் பஜ்ஜியைச் சொன்னேன். மூன்று நாட்டிலும் மழை வந்தால் மாவைக் கரைத்து எண்ணெயில் போடுகிறார்கள். மழை விட்ட பிறகும் அந்த இரண்டு பேரும் அங்கேயே நின்றிருந்தார்கள், நான்தான் போய்க் கூப்பிட வேண்டியிருந்தது.

நடை பேலஸ் பியரில் முடியட்டும். 1899இல் திறந்த பாலம், கடலுக்குள் அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே நீண்டு கிடக்கிறது. இப்போது வெளியூர்க்காரர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ராட்டினங்கள் மாணவர் பர்ஸுக்கு ஆகாது. சிப்ஸ் வாங்கினால் சுவரில் முதுகை ஒட்டி நின்று தின்னச் சொல்லுங்கள். அங்கத்திய கடற்காகம் நம் ஊர்க் காக்கையை விட மூன்று மடங்கு பெரியது, பின்பக்கமாக வந்து தோளுக்கு மேலாக அடித்துக்கொண்டு போய்விடும். சவூதி மாணவர் ஒருவரின் மீன் துண்டு முழுசாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர் கற்ற முதல் ஆங்கில வசவு அந்தப் பறவையின் மேல்தான் பிரயோகமானது.

தலையெண்ணுவது பற்றி. நான் ஆரம்பத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பேருந்தில் ஏறும்போது இருபத்திரண்டு, இறங்கும்போது இருபத்தொன்று. வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒரு பையன் நடு நிறுத்தத்தில் நண்பனைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போயிருக்கிறான். அன்றிலிருந்து எண்ணுவதை விட்டுவிட்டேன். "உங்கள் ஜோடி இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்பேன். இருபது பேருக்கு நான் ஒருவன் காவல் இருப்பதை விட, ஒருவருக்கு ஒருவர் காவல் இருப்பது மேல். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வந்தால் விதிகள் வேறு. எத்தனை பேருக்கு எத்தனை பெரியவர், எத்தனை மணிக்குள் வீடு என்று பள்ளியே எழுதிக் கொடுத்திருக்கும். அதை மீறாதீர்கள். மாணவர்கள் தங்கியிருக்கும் வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கே தயாராகிவிடும். தாமதம் என்றால் அந்த வீட்டு அம்மாவுக்கு ஒரு போன் போட வைப்பதும் உங்கள் வேலை. ஆங்கிலத்தில் போன் பேசுவது அவர்களுக்கு நேரில் பேசுவதை விடப் பயம், ஆகவே நல்ல பயிற்சியும்கூட.

பப் என்றால் பாதிப் பேர் கண் விரியும். பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும், முகம் சின்னதாக இருந்தால் பாஸ்போர்ட் கேட்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள் போதும் என்பது என் கட்சி. குடிக்காதவர்கள் மூலையில் ஆரஞ்சு ஜூஸோடு உட்கார்ந்து பத்து மணியாக்குவது பார்க்கப் பாவமாக இருக்கும். அதற்குப் பதில் 1910இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் ஆங்கில வசனம் கீழே ஓடும் காட்சி இருந்தால் பாருங்கள், அல்லது பிரஸ்டன் பார்க்கில் ஒரு பந்தைத் தூக்கிப் போடுங்கள். கால்பந்துக்கு மொழி வேண்டாம் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். "இங்கே போடு, பின்னால் ஆள், விடு விடு" என்று ஒரு மணி நேரம் கத்துவதில் வரும் ஆங்கிலம் வேறெங்கும் வராது. உள்ளூர் அணியில் ஜப்பான்காரரான மிட்டோமா ஆடியதால் ஜப்பானிய மாணவர்கள் எங்களுக்கே ஆட்டக்கதை சொன்னார்கள்.

குளிக்க ஆசைப்படுவார்கள். கூழாங்கல் கரை சட்டென்று சரியும்; இரண்டு எட்டில் இடுப்பளவு, அடுத்த எட்டில் கழுத்தளவு. ஆகஸ்டிலும் தண்ணீர் 17, 18 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். கோடையில் உயிர்காப்பவர்கள் நிற்கும் இடத்தில், சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். பேச்சுக்கு இடமில்லை.

சனிக்கிழமைக்கு எல்லாரும் கேட்பது செவன் சிஸ்டர்ஸ், அந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள். நகர நடுவிலிருந்து 12ஆம் எண் பேருந்து வரிசையில் ஏறினால் எக்சீட் நிறுத்தத்துக்கு ஒரு மணி நேரம். மாடியில் கடல் பக்கமாக உட்காருங்கள். 2025 முதல் ஒரு பயணத்துக்கு அதிகபட்சம் 3 பவுண்டு. போக வர என்றால் ஒருநாள் சீட்டு எது மலிவு என்று பாருங்கள். இறங்கியதும் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கலாம். முட்டி வலிக்காரர்களும் வெள்ளைக் கான்வாஸ் ஷூக்காரர்களும் ஆற்றோரமாகச் சமதளத்தில் அரை மணி நேரம் நடந்து கக்மியர் முகத்துவாரத்துக்குப் போகட்டும். மற்றவர்கள் மேலே ஏறி, ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பர்லிங் கேப் வரை. ஏழு சகோதரிகள் என்று பெயர், எண்ணினால் எட்டு மேடு வருகிறது. இதை முதலிலேயே சொல்லாதீர்கள். நாலாவது மேட்டில் தானாகச் சண்டை ஆரம்பிக்கும், கடைசி வரை ஓடும்.

இங்கே ஒரே ஒரு விஷயத்தில் நான் கொடுமைக்காரன். விளிம்பிலிருந்து பத்து மீட்டருக்குள் யாரும் போகக் கூடாது. சுண்ணாம்புப் பாறையைக் கீழே அலை அரித்திருக்கும். மேலே புல் பசேலென்று இருக்கும். நீங்கள் நிற்கும் புல்லுக்கு அடியில் தரை இருக்கிறதா இல்லையா என்று மேலிருந்து தெரியவே தெரியாது. படத்துக்காகத் துள்ளி விழுந்து இறந்தவர்கள் உண்டு. கீழே கடற்கரையில் பாறையில் சாய்ந்து சாப்பிடுவதும் அதே அளவு முட்டாள்தனம், கட்டி கட்டியாகச் சரியும்.

பர்லிங் கேப்பில் நான் செய்த தப்பு: அங்கிருந்து திரும்பும் 13எக்ஸ் பேருந்து எல்லா நாளும் ஓடாது, ஓடும் நாளிலும் சீக்கிரம் நின்றுவிடும். அட்டவணையைப் பார்க்காமல் டீயும் கேக்கும் தின்றுகொண்டிருந்தோம். கடைசி வண்டி எங்கள் கண் முன்னாலேயே போயிற்று. ஈஸ்ட் டீன் கிராமத்துக்கு நடந்து போய் 12ஐப் பிடித்தோம். இருபது நிமிட நடைதான், ஆனால் பதினாறு களைத்த முகங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! திரும்பும் பேருந்தின் நேரத்தைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தாலும் கை இருக்கும்.

குளிர்காலத்தில் மாணவர்கள் குறைவு, வேலை அருமை. டிசம்பரில் நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், வகுப்பு விட்டதும் நேராகக் கரைக்கு வரலாம். ஸ்டார்லிங் என்ற பறவை, நம் மைனாவுக்கு உறவு, ஆயிரக்கணக்கில் வந்து பியருக்கு அடியில் அடையும். அடைவதற்கு முன் கால் மணி நேரம் வானத்தில் சேலையை உதறினது போல விரிந்து, சுருங்கி, திரும்பி, மறுபடி விரியும். எலும்புக்கூடாக நிற்கும் பழைய வெஸ்ட் பியர் பின்னால் தெரியும். இந்த நேரத்தில் ஜோடியும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம். பேசாமல் இருக்கட்டும். திரும்பி நடக்கும்போது அவர்களாகவே ஆரம்பிப்பார்கள். அதே மாதத்தில் சூரியன் கடலிலேயே உதித்துக் கடலிலேயே மறைவதையும் பார்க்கலாம். உதயத்தை மட்டும் கடலில் பார்த்து வளர்ந்த எனக்கு அது இன்னும் விசித்திரம்தான்.

சத்ரி என்ற இந்தியச் சிப்பாய்களின் நினைவு மண்டபத்தை நானாகத்தான் பட்டியலில் சேர்த்தேன். முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு இந்த ஊர் அரண்மனையான ராயல் பெவிலியனையே ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். ஒன்பது தனித்தனிச் சமையலறைகள் வைத்து, மதம், சாதி பார்த்துச் சமைத்தார்கள். இறந்துபோன இந்துக்களும் சீக்கியர்களுமாக 53 பேரை ஊருக்கு வெளியே குன்றில் எரித்த இடத்தில், 1921இல் வெள்ளைப் பளிங்கில் ஒரு மண்டபம் எழுப்பினார்கள். பாச்சம் வரை பேருந்தில் போய், அப்புறம் மேய்ச்சல் வெளியில் மேலேற வேண்டும். வழியெல்லாம் ஆடுகள். அருகில் இருக்கும் கல்லில் 53 பெயர்களும் இருக்கின்றன. முதல்முறை ஏழு பேர்தான் வந்தார்கள். அதில் ஒரு துருக்கி மாணவர், வகுப்பில் வாயே திறக்காதவர் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார், பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். எனக்கே வாயில் வராத பஞ்சாபிப் பெயர்கள். தன் தாத்தாவின் அப்பா அதே போரில் எதிர்ப்பக்கம் நின்றவர் என்று இறங்கும் வழியில் சொன்னார். பாச்சம் வந்து சேரும்வரை அவர் பேச்சை நிறுத்தவில்லை, நானும் இலக்கணம் திருத்தவில்லை.

ரயிலில் எங்காவது போவதென்றால், கூட்டம் இல்லாத நேரத்தில் மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து சீட்டு எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி உண்டு. இருபது பேர் என்றால் ஏழு, ஏழு, ஆறு என்று பிரித்து எடுங்கள். லண்டனுக்கு நீங்கள் கூட்டிப்போக வேண்டியதில்லை, அவர்களே போவார்கள். நவம்பர் 5 அன்று லூயிஸ் ஊரில் நடக்கும் தீப்பந்தத் திருவிழாவுக்குச் சொந்த ஆசைக்கு ஒருமுறை போங்கள். மாணவர்களோடு அந்த நெரிசலுக்குள் நுழையாதீர்கள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அடுத்த வாரப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வாட்ஸப்பில் போட்டால் எல்லாரும் கட்டைவிரல் காட்டுவார்கள், ஒருவரும் வர மாட்டார்கள். தன் கையால் பெயர் எழுதியவர்தான் வருவார். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் திங்கட்கிழமைக்குள் காணாமல் போயிருக்கும்.