சிகரெட் கம்பெனிக்கு என் பணம் வேண்டாம்: செலவையும் முதலீட்டையும் கொள்கைக்கு ஏற்ப மாற்றுவது எப்படி?

வீட்டில் ஒருவர்கூடப் புகைப்பதில்லை. ஆனால் மாதாமாதம் நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்டில் (ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் பட்டியலை அப்படியே வாங்கும் மியூச்சுவல் ஃபண்ட்) எஸ்ஐபி, அதாவது மாதத் தவணை, போகிறதென்றால், அதில் ஒரு துண்டு ஐடிசி பங்காக நிற்கும். பிஸ்கட்டும் கோதுமை மாவும் விற்றாலும் அந்த நிறுவனத்தின் லாபத்தில் பெரும்பகுதி சிகரெட்டிலிருந்து வருகிறது. இது உங்களை உறுத்தினால் மேலே படியுங்கள். உறுத்தாவிட்டால் வேறொன்று உறுத்தக்கூடும்: சாராயம், சூதாட்டம், நிலக்கரி, வட்டி. எதுவானாலும் வழிமுறை இதேதான்.

படி 1: ஒரு ‘வேண்டாம்’, ஒரு ‘வேண்டும்’

பத்துக் கொள்கைகளை எழுதி வைத்தால் பத்தும் நோட்டிலேயே தங்கிவிடும். வேண்டாதது ஒன்று, வேண்டியது ஒன்று போதும். இங்கே உதாரணத்துக்கு: புகையிலை வேண்டாம், கைத்தறி வேண்டும்.

எல்லையையும் இப்போதே எழுதுங்கள். ‘புகையிலைப் பொருள் தயாரிக்கும் நிறுவனம் கூடாது, மற்ற சாமான்களோடு சிகரெட்டும் விற்கும் கடை பரவாயில்லை.’ இந்த வரி இல்லாவிட்டால் பாதி வழியில், தெருமுனை மளிகைக் கடைக்கும் போகலாமா கூடாதா என்று குழம்புவீர்கள்.

படி 2: மூன்று மாதச் செலவைப் பிரியுங்கள்

வங்கி ஸ்டேட்மென்ட்டை எக்செல் கோப்பாக இறக்குங்கள். கடைசியில் ஒரு பத்தி சேர்த்து ஒவ்வொரு வரிக்கும் ‘சரி’, ‘உறுத்துகிறது’, ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். மூன்று இடங்களில் கணக்கு தவறும்:

- யுபிஐயில் பல சிறு கடைகளுக்குக் கடைப் பெயர் வராது, கடைக்காரர் பெயர்தான் வரும். கடந்த மாதத்து வரியே மறந்திருக்கும். இனிமேல் பணம் அனுப்பும்போது குறிப்புப் பெட்டியில் ‘காய்’, ‘துணி’ என்று ஒரு சொல் போடுங்கள்.
- ஏடிஎம்மில் எடுத்த ரொக்கம் எங்கே போனது என்று ஸ்டேட்மென்ட் சொல்லாது. ஒரு மாதம் மட்டும் கையால் எழுதுங்கள்.
- தீபாவளித் துணி, பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ் ஆகியவை மூன்று மாதத்துக்குள் சிக்காமல் போகலாம். இவற்றுக்கு மட்டும் ஓராண்டுக் கணக்கைப் பாருங்கள்.

அப்படியே யுபிஐ செயலியில் ஆட்டோபே (தானாகப் பணம் பிடிக்கும் அனுமதிகள்) பக்கத்தையும் திறந்து, மறந்துபோன சந்தாக்களை நிறுத்திவிடுங்கள்.

இனி ‘வேண்டும்’ பக்கம். ஒரே ஒரு தலைப்பை மாற்றுங்கள், இங்கே துணி. வருடம் தலா 900 ரூபாயில் ஆறு புடவை வாங்குகிற வீடு, தலா 1,800 ரூபாயில் மூன்று கைத்தறிப் புடவை வாங்கினாலும் செலவு அதே 5,400தான். எண்ணிக்கையைக் குறைக்காமல் கைத்தறிக்கு மாறினால் இரண்டாவது பண்டிகையிலேயே பட்ஜெட் உடைந்து பழைய கடைக்கே திரும்பிவிடுவீர்கள். கைத்தறி என்று சொல்லி விசைத்தறித் துணியை விற்பது சாதாரணமாக நடக்கிறது. ‘ஹேண்ட்லூம் மார்க்’ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அல்லது கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவுக் கடைக்குப் போங்கள். பட்டுக்கு உள்ள ‘சில்க் மார்க்’ நூல் பட்டா என்பதை மட்டும்தான் சொல்லும், கையால் நெய்ததா என்பதைச் சொல்லாது.

படி 3: ஃபண்டுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் உங்களிடம் எந்தெந்த ஃபண்டுகள் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். ஃபண்டுகளின் கணக்கைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் தளத்தில் பான் எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்தால் எல்லா ஃபண்டுகளுக்குமான ஒருங்கிணைந்த அறிக்கை இலவசமாக வரும்.

அடுத்து, ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனத்தின் தளத்திலும் மாதாந்திர போர்ட்ஃபோலியோ (ஃபண்டில் உள்ள பங்குகளின் பட்டியல்) கோப்பை இறக்குங்கள். மாதம் முடிந்து 10 நாளுக்குள் இதை வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. ஃபேக்ட்ஷீட் என்ற சுருக்க அறிக்கையில் பெரும்பாலும் பெரிய பங்குகள்தான் முன்னால் நிற்கும். நமக்கு வேண்டியது முழுப் பட்டியல்.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். கோப்பில் துறைப் பத்தியில் ‘புகையிலை’ என்று தேடினால் காட்ஃப்ரே பிலிப்ஸ், விஎஸ்டி இண்டஸ்ட்ரீஸ் மாட்டும், ஐடிசி மாட்டாது. அது ‘பலதுறை நுகர்பொருள்’ என்ற வகையில் உட்கார்ந்திருக்கும். மதுவைத் தேடுபவர்களுக்கும் இதே சிக்கல்: யுனைடெட் ஸ்பிரிட்ஸ் ‘பானங்கள்’ என்று இருக்கும். ஆகவே துறையை நம்பாமல் நிறுவனப் பெயரைத் தேடுங்கள்.

கிடைத்த சதவீதத்தை உங்கள் தொகையால் பெருக்குங்கள். ஃபண்டில் 2 லட்சம் ரூபாய், ஐடிசி 3 சதவீதம் என்றால் 6,000 ரூபாய். தொகையைப் பார்த்த பிறகு, இதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றினால் அதுவும் நியாயமான முடிவுதான். சந்தையில் நீங்கள் விற்கும் பங்கை இன்னொருவர் வாங்கிக்கொள்வார், கம்பெனியின் கையிலிருந்து ஒரு ரூபாயும் குறையாது. வாங்கும் பொருளை மாற்றினால்தான் அதன் விற்பனையில் நேரடியாகத் தெரியும். அதனால்தான் செலவை முதல் வேலையாக வைத்தோம்.

முழுத் தூய்மையும் கிடைக்காது. பிஎஃப் பணத்தில் ஒரு பகுதி 2015 முதல் நிஃப்டி, சென்செக்ஸ் இடிஎஃப்களுக்கு (சந்தையில் பங்குபோல விற்கப்படும் இன்டெக்ஸ் ஃபண்டுகள்) போகிறது. எல்ஐசி நெடுங்காலமாக ஐடிசியின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று. இவற்றைப் பற்றிக் கவலைப்படாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 4: மாற்று ஃபண்ட்

‘இஎஸ்ஜி’ (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகியவற்றைப் பார்த்துப் பங்கு தேர்வது) என்ற பெயரைப் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். 2023இல் செபி இவற்றை ஆறு வகையாகப் பிரித்து, எந்த உத்தி என்பதைப் பெயரிலேயே சொல்ல வைத்தது. நமக்கு வேண்டியது ‘எக்ஸ்க்ளூஷன்’, அதாவது குறிப்பிட்ட தொழில்களை ஒதுக்கும் வகை. ‘பெஸ்ட் இன் கிளாஸ்’ வகை ஒவ்வொரு துறையிலும் நல்ல மதிப்பெண் எடுத்தவரைச் சேர்க்கும். தண்ணீர் சேமிப்பு, மரம் வளர்ப்பு என்று மதிப்பெண் வாங்கும் சிகரெட் கம்பெனிக்கும் அதில் இடம் கிடைக்கலாம்.

இஸ்லாமிய நெறிப்படி பங்கு தேர்ந்தெடுக்கும் ஷரியா ஃபண்டுகள் புகையிலை, மது, சூதாட்டத்தோடு வட்டித் தொழிலையும் ஒதுக்குகின்றன. டாடா எத்திக்கல் ஃபண்ட் இந்த வகை. வங்கிகள் இருக்காது என்பதை மறக்காதீர்கள். நிஃப்டி 50இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிதித்துறைதான். ஆகவே வங்கிப் பங்குகள் ஏறும் ஆண்டில் உங்கள் ஃபண்ட் பின்தங்கும். அப்போது பயந்து வெளியேறினால் இத்தனை வேலையும் வீண்.

செலவு விகிதத்தையும், அதாவது ஃபண்ட் வருடாவருடம் பிடித்துக்கொள்ளும் கட்டணத்தையும் ஒப்பிடுங்கள். 1 சதவீதம் கூடுதல் என்றால் 2 லட்சத்துக்கு வருடம் 2,000 ரூபாய். உங்கள் கொள்கைக்கான விலை அது.

படி 5: பணத்தை நகர்த்துவது

முதல் நாளே எல்லாவற்றையும் விற்காதீர்கள். பழைய எஸ்ஐபியை நிறுத்தி, புதிய ஃபண்டின் நேரடித் திட்டத்தில் (முகவர் இல்லாமல் வாங்கும் வகை) தொடங்குங்கள். பழையதை விற்கும்போது ஒவ்வொரு தவணைக்கும் ஓராண்டுக் கணக்கு தனித்தனியாக ஓடும். ஓராண்டைத் தாண்டிய யூனிட் என்றால் வருடத்துக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை லாபத்துக்கு வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். சில ஃபண்டுகளில் வெளியேறும் கட்டணமும் சேரும். ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ‘ஸ்விட்ச்’ பொத்தானும் விற்பனைதான், அதற்கும் வரி உண்டு. வரிச் சேமிப்பு ஃபண்டான இஎல்எஸ்எஸ் என்றால் ஒவ்வொரு தவணைக்கும் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். லாபம் பெரிதாக இருந்தால் மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று இரண்டு நிதியாண்டில் பிரித்து விற்கலாம்.

இதற்கிடையில் யாராவது ‘இயற்கைப் பண்ணையில் முதலீடு, மாதம் இத்தனை ஆயிரம் உறுதி’ என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 1990களில் தேக்கு மரம், 2012இல் பெருந்துறை ஈமு கோழி என்று இந்த மாதிரி மோசடியைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது.

ஃபண்டை மாற்றிய பிறகும் கோப்பை மூடிவிட முடியாது. நிஃப்டி குறியீடுகளின் பட்டியல் மார்ச், செப்டம்பர் இறுதியில் மாற்றியமைக்கப்படும். எனவே புதிய ஃபண்டின் போர்ட்ஃபோலியோவை ஏப்ரல் 10க்கும் அக்டோபர் 10க்கும் பிறகு ஒருமுறை இறக்கி, படி 3இல் தேடிய அதே பெயர்களை மறுபடி தேடுங்கள்.